மண் திரிக்கும் நீர்: தொண்டைமண்டல மண்ணறிவும் உலோக மாசு நீக்கத்தின் வரலாறும்

ஆய்வுச் சுருக்கம்

சுரங்கங்களிலும் கனிமம் பதப்படுத்தும் ஆலைகளிலும் இருந்து வெளியேறும் உலோகம் கலந்த நீரை, அதற்கென வடிவமைக்கப்பட்ட மண்ணின் வழியே செலுத்தித் தூய்மையாக்கும் முறை கடந்த நாற்பது ஆண்டுகளில் உருப்பெற்றது. அம்முறைக்கு அடிப்படையான கருத்து உருவாகி வளர்ந்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. மண் நீரின் இயல்பை மாற்றும் என்ற தமிழ் மரபின் பட்டறிவு, 19ஆம் நூற்றாண்டில் மண்வேதியியல் தோன்றியமை, 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் மண்ணை வடிவமைக்கும் தொழில்நுட்பம் எழுந்தமை ஆகியன வரிசையாகக் காட்டப்படுகின்றன. பின்னர், இராணிப்பேட்டைக் குரோமியக் கழிவுச் சிக்கலுக்கு அவை எவ்வளவு பொருந்தும் என்பது மதிப்பிடப்படுகிறது. எல்லா நீருக்கும் பொருந்தும் ஒரே மண் இல்லை என்பதும், உலோகத்தைப் பிடித்துவைத்த மண்ணைக் காக்கும் அமைப்பு இல்லையெனில் தூய்மையாக்கம் இடமாற்றமாகவே முடியும் என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: வடிவமைக்கப்பட்ட மண், குரோமியம், பாலாறு, கொசத்தலையாறு, களர், உவர், ஏரி வாரியம், இராணிப்பேட்டை.

1. முன்னுரை

திருத்தணிக்கும் திருவாலங்காட்டுக்கும் அணித்தாக உள்ள மணவூர், இன்று சென்னை – அரக்கோணம் இருப்புப்பாதையில் ஒரு சிறு நிலையம். தொண்டைமண்டலத்தின் 24 கோட்டங்களுள் ஒன்று இவ்வூர்ப் பெயரால் வழங்கியது. முதலாம் குலோத்துங்கன், விக்கிரம சோழன் ஆகியோரின் படைத்தலைவனான நரலோகவீரன், மணவிற்கூத்தன் காலிங்கராயன் எனக் கல்வெட்டுகளில் குறிக்கப்படுகிறான். அவனுடைய மணவில் இவ்வூரே என்பது அறிஞர் பலர் கருத்து. அருகிலுள்ள திருவாலங்காட்டில் 1905இல் கிடைத்த முதலாம் இராசேந்திரனின் செப்பேடுகள் பழையனூரைக் கொடையாக அளித்த செய்தியைக் கூறுகின்றன.

இப்பகுதியின் நீர்வழி கொசத்தலையாற்றைச் சார்ந்தது. காவேரிப்பாக்கம் ஏரியின் உபரிநீர் அவ்வாற்றைச் சேர்கிறது. அந்த ஏரியோ பாலாற்று அணைக்கட்டிலிருந்து நீர் பெறுவது. ஆகவே பாலாற்றங்கரையில் உள்ள இராணிப்பேட்டையின் நீரும் மண்ணும் எந்நிலையில் உள்ளன என்பது மணவூர்ப் பகுதிக்குத் தொடர்பற்ற செய்தியன்று. நிர்வாக எல்லைகள் இத்தொடர்பை மறைத்துள்ளன. வட ஆர்க்காட்டில் இருந்த திருத்தணி 1911இல் சித்தூர் மாவட்டத்திலும், 1960இல் மீண்டும் தமிழகத்திலும் சேர்ந்து, இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. இராணிப்பேட்டை 2019இல் தனி மாவட்டமாயிற்று. நீர்வழியோ இம்மாற்றங்களுக்குக் கட்டுப்பட்டதன்று.

இப்பின்புலத்தில், உலோக மாசு படிந்த நீரை மண்ணால் தூய்மையாக்கலாம் என்ற கருத்தின் வரலாற்றைத் தொகுத்து, அதை இப்பகுதியின் நிலைமையோடு பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. தமிழ் மரபில் மண்ணும் நீரும்

நீரின் இயல்பு அது சேர்ந்த நிலத்தைப் பொறுத்தது என்பது தமிழ் இலக்கியத்தில் நன்கு நிலைபெற்ற கருத்து. திருக்குறளின் சிற்றினஞ்சேராமை அதிகாரத்தில் உள்ள 452ஆம் குறள், மாந்தரின் அறிவு இனத்தால் வேறுபடுவதற்கு இதனையே உவமையாக்குகிறது. பரிமேலழகர் தம் உரையில், வானில் தன் தன்மையோடு இருந்த நீர் நிலத்தைச் சேர்ந்தபின் நிறமும் சுவையும் திரியும் என்று விளக்குகிறார். உவமை என்பது கேட்போர் முன்பே அறிந்ததைக் கொண்டு அறியாததை உணர்த்துவது. ஆதலின், மண் நீரை மாற்றும் என்பது அக்காலத்தில் நிறுவ வேண்டிய கருத்தாக இல்லாமல், யாவரும் அறிந்த செய்தியாக இருந்தது எனலாம்.

இவ்வறிவு பயன்பாட்டிலும் இருந்தது. புறநானூற்று 311ஆம் பாடல் களர்நிலத்தில் தோண்டிய கூவலில் ஆடை வெளுக்கும் பெண்ணைக் காட்டுகிறது. களர்மண் நீருக்குக் காரத்தன்மையைத் தருவது. அந்நீர் பயிருக்கு ஆகாது. ஆயின் அழுக்கை நீக்க உதவும். எனவே மண்ணால் திரிந்த நீர் முழுவதும் கெட்டது எனத் தள்ளப்படவில்லை. எப்பணிக்கு எந்நீர் ஏற்றது என்பது அறிந்து கொள்ளப்பட்டது. சோழர் காலக் கொடை ஆவணங்கள் பலவற்றில் களரும் உவரும் தனித்த நிலவகைகளாகக் குறிக்கப்படுவதும் இத்தொடர்ச்சியைக் காட்டும்.

மூன்றாவது சான்று கலித்தொகை 142ஆம் பாடலில் உள்ளது. கலங்கிய நீரைத் தேற்றா விதையால் தெளிவிக்கும் வழக்கம் அங்கு உவமையாகிறது. கலத்தின் உட்புறத்தில் விதையை உரைத்து நீரை ஊற்றினால், நீரில் மிதக்கும் நுண்துகள்கள் திரண்டு அடியில் படியும். இவ்வழக்கம் தமிழகச் சிற்றூர்களில் அண்மைக்காலம் வரை தொடர்ந்தது.

இச்சான்றுகளைக் கொண்டு பண்டைத் தமிழர் உலோக மாசு நீக்கத்தை அறிந்திருந்தனர் என்று கூறுவது பொருந்தாது. தேற்றா விதை நீக்குவது கலங்கலை. கரைந்த உலோகம் வேறு. தெளிந்த நீரிலும் உலோகம் கரைந்திருக்கக்கூடும். ஆனால் மரபு மூன்று செய்திகளைத் தெளிவாக வேறுபடுத்தியது. மண் நீரை மாற்றுகிறது. எந்த மண் எவ்வாறு மாற்றும் என்பது மண்ணுக்கு மண் வேறுபடும். நீரில் உள்ளதைப் பிரிக்க வெளியிலிருந்து ஒரு பொருளைச் சேர்க்கலாம். பிற்கால அறிவியல் இம்மூன்றையும் வேறு வழியில் வந்து அடைந்தது.

3. மண்வேதியியலின் தோற்றம்

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் உழவர்களை ஒரு வினா ஆட்கொண்டது. வயலில் இட்ட எருவின் சத்து மழைநீரோடு ஏன் முழுவதும் கரைந்து போவதில்லை என்பதே அவ்வினா. எச்.எஸ்.தாம்சன் தொடங்கிய சோதனைகளை ஜே.தாமஸ் வே விரிவுபடுத்தி 1850இலும் 1852இலும் முடிவுகளை வெளியிட்டார். அம்மோனிய உப்பு கரைந்த நீரை மண் நிரப்பிய குழாயின் வழியே செலுத்தியபோது, அம்மோனியா மண்ணிலேயே தங்கியது. அதற்கு ஈடாகச் சுண்ணாம்புச் சத்து நீரில் வெளிவந்தது. மணலுக்கு இவ்வாற்றல் இல்லை என்பதையும் களிமண்ணே இதற்குக் காரணம் என்பதையும் வே கண்டார்.

அயனிப் பரிமாற்றம் என இன்று வழங்கும் நிகழ்வு இதுவே. களிமண் துகள்களின் பரப்பில் எதிர்மின்னேற்றம் உள்ளது. அது நேர்மின்னேற்றமுள்ள அயனிகளை ஈர்த்து வைத்துக்கொள்ளும். செம்பு, துத்தநாகம், ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் நீரில் பெரும்பாலும் நேர்மின் அயனிகளாகவே இருப்பதால் களிமண்ணும் மட்கும் அவற்றைப் பிடிக்கும். செம்மண்ணுக்கு நிறம் தரும் இரும்பு ஆக்சைடுகளுக்கு வேறொரு திறன் உண்டு. அமிலத்தன்மையோ நடுநிலையோ உள்ள சூழலில் அவை ஆர்சனேட்டு, குரோமேட்டு போன்ற எதிர்மின் அயனிகளையும் தம் பரப்பில் ஏற்கும். செம்புலத்தில் பெய்த நீரின் கலப்பைக் குறுந்தொகை 40ஆம் பாடல் பாடிற்று. அச்செம்மையே நீரிலுள்ள சிலவற்றைப் பற்றிக்கொள்ளும் என்பதை மண்வேதியியல் காட்டிற்று.

எனினும் வே கண்ட உண்மை நெடுங்காலம் உரத்தைப் பற்றியதாகவே இருந்தது. அதனை மாசுநீருக்குப் பயன்படுத்தும் எண்ணம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலான பின்னரே வலுப்பெற்றது.

4. சதுப்பிலிருந்து வடிவமைத்த மண்ணுக்கு

நிலக்கரி, செம்பு முதலியவற்றின் சுரங்கங்களில் இரும்புச் சல்பைடு கனிமமான பைரைட்டு வெளிப்படுகிறது. காற்றும் நீரும் பட்டதும் அது கந்தக அமிலத்தை உண்டாக்குகிறது. அந்த அமிலம் பாறையிலுள்ள இரும்பு, அலுமினியம், செம்பு முதலியவற்றைக் கரைத்துக்கொண்டு ஓடைகளில் கலக்கிறது. சுரங்கம் மூடப்பட்ட பின்னும் இது பல தலைமுறைகளுக்குத் தொடரும். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் மூடப்பட்ட வீல் ஜேன் சுரங்கத்திலிருந்து 1992 சனவரியில் பெருகிய செந்நீர் ஃபால் ஆற்று முகத்துவாரம் வரை பரவியது, இச்சிக்கலை உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்த நிகழ்வுகளுள் ஒன்று.

இந்நீரைச் சுண்ணாம்பு இட்டு நடுநிலையாக்குவது பழைய வழி. அதற்கு நாள்தோறும் சுண்ணாம்பும் மின்சாரமும் ஆளும் வேண்டும். 1970களின் இறுதியில் அமெரிக்க ஆய்வாளர்கள், நிலக்கரிச் சுரங்க நீர் இயற்கையான பாசிச் சதுப்புகளின் வழியே செல்லுமிடத்தில் அதன் இரும்பும் அமிலமும் குறைவதைக் கண்டனர். அதைப் பின்பற்றி 1980களில் செயற்கைச் சதுப்புகள் அமைக்கப்பட்டன. மட்கும் பொருள்களின் அடுக்கில் காற்றில்லாச் சூழலில் வாழும் நுண்ணுயிர்கள் சல்பேட்டைச் சல்பைடாக மாற்றும். அச்சல்பைடு உலோகத்தோடு கூடிக் கரையாத படிவாகும். அடியில் இட்ட சுண்ணாம்புக்கல் அமிலத்தைத் தணிக்கும்.

அடுத்த படியாக, நிலத்தடி நீரின் பாதையிலேயே வினைபுரியும் மண்சுவர்கள் எழுப்பப்பட்டன. 1995இல் கனடாவின் சட்பரி அருகே நிக்கல் ரிம் சுரங்கக் கழிவுநீருக்கு எதிரே மட்கு உரமும் மரச்சிராய்களும் கொண்ட தடுப்பு ஒன்று நிறுவப்பட்டது. 1996இல் அமெரிக்காவின் எலிசபெத் சிட்டியில் குரோமிய முலாம் பூசும் பணிமனையிலிருந்து பரவிய மாசுக்கு எதிராக இரும்புத் துருவல் சுவர் அமைந்தது. அதன் நீளம் 46 மீட்டர். ஆழம் ஏறத்தாழ 7 மீட்டர். அச்சுவரைக் கடந்த நீரில் குரோமியம் குடிநீர் வரம்புக்குக் கீழே இறங்கியது.

இவ்வரிசையின் முதிர்ந்த நிலையே வடிவமைக்கப்பட்ட மண். ஸ்பெயினின் கலீசியாவில் சாண்டியாகோ தே கொம்போஸ்தேலா பல்கலைக்கழகத்தின் ஃபெலிப்பே மசியாஸ் குழுவினர், கைவிடப்பட்ட தூரோ செம்புச் சுரங்கத்தில் கழிவுப் பொருள்களைக் கலந்து மண் ஆக்கி இட்டனர். கழிவுநீர்ச் சேறு, சிப்பி ஓடு, சாம்பல் போன்ற உள்ளூர்ப் பொருள்களே மூலங்கள். நீரில் எக்குறை உள்ளதோ அதனை ஈடுசெய்யும் வகையில் கலவை அமைக்கப்பட்டது. பன்னாட்டு மண் வகைப்பாட்டில் 2006ஆம் ஆண்டு முதல் டெக்னோசால் என்ற பெயரில் மனிதர் ஆக்கிய பொருள் மிகுந்த மண்ணுக்குத் தனி வகுப்பு அளிக்கப்பட்டது. மண் என்பது கிடைப்பது மட்டுமன்று, ஆக்கப்படுவதும் ஆகும் என்ற கருத்து அதனால் அறிவுத்துறையின் ஏற்பைப் பெற்றது.

5. இராணிப்பேட்டை: எதிர்மறையான நோய்

மேற்கண்ட வெற்றிகளைக் கண்டு அவற்றை அப்படியே தொண்டைமண்டலத்துக்குக் கொணரலாம் என எண்ணுதல் இயல்பு. ஆயின் இராணிப்பேட்டையின் வரலாறு அதற்கு இடந்தரவில்லை.

பாலாற்றுப் பகுதியின் தோல் பதனிடும் தொழிலுக்குக் குரோமிய உப்புகள் இன்றியமையாதவை. அவற்றின் மூலப்பொருள் குரோமைட்டுக் கனிமம். இந்தியாவின் குரோமைட்டு வளம் பெரும்பாலும் ஒடிசாவின் சுகிந்தாப் பள்ளத்தாக்கில் உள்ளது. அங்குச் சுரங்க நீரிலேயே ஆறிணைதிறன் குரோமியம் காணப்படுகிறது. இராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்னும் ஆலை 1970களின் நடுவில் தொடங்கி 1990களின் நடுவில் மூடப்பட்டது. அது விட்டுச்சென்ற கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாது என மதிப்பிடப்பட்டுள்ளது. 2006இல் பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட, உலகில் மிகவும் மாசுபட்ட 10 இடங்களின் பட்டியலில் இராணிப்பேட்டை இடம்பெற்றது.

இக்கழிவின் தன்மை கருதத்தக்கது. குரோமைட்டைச் சோடாவோடும் சுண்ணாம்போடும் ஏறத்தாழ 1100 பாகை செல்சியசு வெப்பத்தில் வறுக்கும்போது, கரையாத மூவிணைதிறன் குரோமியம் கரையக்கூடிய ஆறிணைதிறன் குரோமியமாக மாறுகிறது. நீரில் அதனைக் கரைத்தெடுத்த பின்னும் ஒரு பகுதி எச்சத்தில் தங்கிவிடும். சுண்ணாம்பு மிகுந்த அவ்வெச்சத்தின் பி.எச். மதிப்பு 11 முதல் 12 வரை இருக்கும். மழை பெய்யுந்தோறும் மஞ்சள் நிற நீர் அதிலிருந்து கசியும்.

சுரங்க அமில நீரின் நோய் அமிலம். அதன் மருந்து சுண்ணாம்பு. இராணிப்பேட்டையின் நோயோ காரம். சுண்ணாம்பு அந்நோயின் ஒரு கூறு. அமில நீரில் கரைந்த உலோகங்கள் நேர்மின் அயனிகள்; களிமண் அவற்றைப் பிடிக்கும். குரோமேட்டு எதிர்மின் அயனி. களிமண் அதனை விலக்கும். செம்மண்ணின் இரும்பு ஆக்சைடும் மிகு காரத்தில் தன் பிடியை இழக்கும். அமில நீரில் பி.எச். உயர்ந்தால் உலோகம் படிகிறது. இங்கு அது உயர்ந்திருப்பதே குரோமேட்டு எளிதில் நகர்வதற்குத் துணையாகிறது. ஆகவே தூரோவில் வென்ற கலவையை இங்கு இட்டால் பயன் விளையாது. களர்நிலத்து நீரைக் களர்மண்ணால் திருத்த முயல்வது போன்றதாகும் அது.

இங்கு வேண்டுவது பிடிக்கும் மண் அன்று, மாற்றும் மண். ஆறிணைதிறன் குரோமியத்தை மூவிணைதிறன் நிலைக்கு ஒடுக்கினால் அது கரையாத ஐதராக்சைடாகப் படியும். நச்சுத்தன்மையும் பெரிதும் குறையும். எலிசபெத் சிட்டியில் இரும்பு செய்த பணி இதுவே. மட்கும் கரிமப்பொருளும் நுண்ணுயிர்களும் இப்பணியைச் செய்யும். ஆனால் பி.எச். 12 உள்ள குவியலின் மேல் மட்கு இட்டால் நுண்ணுயிர் பெருகாது. எனவே அத்தகைய மண்ணின் இடம் குவியலன்று. குவியலிலிருந்து நீர் வெளியேறி, காரம் தணியத் தொடங்கும் பாதையே. குவியலை அகற்றுவதற்கோ மூடி அடைப்பதற்கோ அது மாற்று ஆகாது. அவற்றுக்குப் பின் எஞ்சும் கசிவைக் காக்கும் இரண்டாம் அரணே ஆகும்.

அவ்வரணுக்குரிய மூலப்பொருள்கள் இப்பகுதியில் உள்ளன. திருவாலங்காட்டில் இயங்கும் திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலை போன்ற ஆலைகளின் வடிகட்டிச் சேறு, தென்னை நார்க்கழிவு, இரும்புப் பட்டறைத் துருவல் ஆகியன கரிமத்தையும் இரும்பையும் தரவல்லவை. தூரோவில் சிப்பி ஓடு பெற்ற இடத்தை இங்கு இவை பெறக்கூடும். இக்கலவையின் அளவும் ஆயுளும் களஆய்வால் முடிவு செய்யப்பட வேண்டியவை.

6. பிடித்துவைத்த மண்ணுக்குப் பொறுப்பாளர்

உலோகம் அழிவதில்லை. தூய்மையான நீர் வெளியேறும்போது உலோகம் மண்ணில் குவிகிறது. குரோமியத்தில் இவ்விடர் இரட்டிப்பானது. மண்ணிலுள்ள மாங்கனீசு ஆக்சைடுகள் மூவிணைதிறன் குரோமியத்தின் ஒரு பகுதியை மீண்டும் ஆறிணைதிறன் நிலைக்கு மாற்ற வல்லவை. கரிமப்பொருள் மட்கித் தீர்ந்தபின் காவலற்ற மண் தான் பிடித்ததை விடக்கூடும்.

தொண்டைமண்டலத்தில் இது ஏட்டளவிலான ஐயமன்று. ஏரிகளின் அடியில் உள்ள வண்டல் களிமண்ணும் மட்கும் நிறைந்தது. நீர் தேங்கும்போது காற்றற்றது. ஆகவே மாசுநீர் வந்து சேரும் ஏரி, எவரும் வடிவமைக்காமலே, உலோகத்தைப் பிடிக்கும் மண்ணாகப் பணிபுரியக்கூடும். அவ்வண்டலை அள்ளி வயலில் இடுவது நம் நெடிய மரபு. 2017இல் தமிழக அரசு தொடங்கிய குடிமராமத்துத் திட்டக் காலத்திலும் வண்டல் எடுக்க உழவர்க்கு இசைவளிக்கப்பட்டது. மாசுபடாத ஏரிக்கு இது நன்மை. உலோகம் படிந்த ஏரியிலோ, காற்றில்லாச் சூழலில் அடங்கியிருந்ததைக் காற்றும் வெயிலும் படும் வயலுக்குக் கொண்டு சேர்ப்பதாகும். தோல் ஆலைக் கழிவு குறித்து 1996 ஆகஸ்டு 28 அன்று வழங்கிய வேலூர்க் குடிமக்கள் நலமன்ற வழக்கின் தீர்ப்பில், உச்சநீதிமன்றம் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியிழந்ததைக் குறிப்பிட்டது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டையும் அது நிலைநாட்டியது. ஆனால் ஈடு பெறப்பட்ட பின் அந்த மண்ணைத் தலைமுறைதோறும் கண்காணிப்பவர் யார் என்பது வேறு வினா.

இதற்கு நம் வரலாற்றில் ஒரு முன்மாதிரி உண்டு. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்னும் அமைப்பைக் குறிப்பிடுகின்றன. ஏரியை ஆண்டுதோறும் பேணுவோரின் தகுதியும் தேர்வுமுறையும் பொறுப்பும் அங்கு வரையறுக்கப்பட்டன. நீர்நிலை ஒரு கட்டுமானம் மட்டுமன்று, தொடர் கடமையும் ஆகும் என்ற தெளிவு அதில் உள்ளது. வடிவமைக்கப்பட்ட மண்ணும் அத்தகையதே. அதன் ஆயுள் எப்போது முடியும், முடிந்தபின் அது எங்கே செல்லும், அதுவரை அதன் வண்டலை எவரும் அள்ளாமல் காப்பவர் யார் என்பவை கலவையின் விகிதத்தைப் போலவே வடிவமைப்பின் கூறுகளாக வேண்டும்.

7. முடிவுரை

மண் நீரை மாற்றும் என்பதைத் தமிழ் மரபு பட்டறிவால் உணர்ந்திருந்தது. ஏன் மாற்றுகிறது என்பதை 19ஆம் நூற்றாண்டின் வேதியியல் கண்டது. வேண்டியவாறு மாற்றும் மண்ணை ஆக்க முடியும் என்பதை 20ஆம் நூற்றாண்டின் இறுதி காட்டியது. இம்மூன்று நிலைகளையும் இணைத்து நோக்கும்போது பின்வரும் முடிபுகள் பெறப்படுகின்றன.

முதலாவது, ஓரிடத்தில் வென்ற மண்கலவை மற்றோரிடத்துக்கு மருந்தாகாது. அமில நீருக்கான தீர்வு இராணிப்பேட்டையின் கார நீருக்குப் பொருந்தாது என்பது இதனை உறுதிசெய்கிறது. நிலத்துக்கு நிலம் நீர் வேறுபடும் என்ற பழைய அறிவு இங்கு உவமையளவில் நில்லாது வடிவமைப்பு விதியாகிறது.

இரண்டாவது, வடிவமைத்த மண் மூலக் கழிவை அகற்றும் கடமைக்கு ஈடாகாது. அக்கடமையை நிறைவேற்றிய பின் வரும் துணையே ஆகும்.

மூன்றாவது, பாலாறும் கொசத்தலையாறும் ஏரிகளால் பிணைந்திருப்பதால், இராணிப்பேட்டை, காவேரிப்பாக்கம், திருத்தணிப் பகுதிகளின் ஏரி வண்டலை ஒரே நீர்வழியாகக் கொண்டு ஆராய வேண்டும். வயலுக்கு இடும் முன் வண்டலின் குரோமிய அளவைச் சோதிப்பது அதன் முதற்படி. குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டலாகாது என இந்தியத் தரநிர்ணயம் வகுத்துள்ளது. நீருக்கு விழிப்போடு வகுத்த அளவை, அந்நீரைத் தூய்மையாக்கிவிட்டு அதன் நஞ்சைத் தாங்கி நிற்கும் மண்ணிடத்தும் நாம் மறவாதிருத்தல் வேண்டும்.